மீசோதீலியோமா: மார்பு எக்ஸ்ரேயில் எதை, எந்த வரிசையில் பார்ப்பது?

மூச்சு வாங்குகிறது, ஒரு பக்கம் நெஞ்சு கனக்கிறது என்று போனால் மருத்துவர் முதலில் எடுக்கச் சொல்வது மார்பு எக்ஸ்ரேதான். நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் தோன்றும் மீசோதீலியோமா என்ற புற்றுநோயின் முதல் தடயமும் பெரும்பாலும் அந்தப் படத்தில்தான் தென்படுகிறது. ஆனால் அந்த ஒரு படத்தை மட்டும் வைத்து "இது மீசோதீலியோமா" என்று எந்த நிபுணராலும் உறுதி சொல்ல முடியாது. சரியான நேரத்தில் சந்தேகத்தை எழுப்புவதுதான் எக்ஸ்ரேயின் வேலை. எழ வேண்டிய இடத்தில் அந்தச் சந்தேகம் எழாமல், "கொஞ்சம் நீர் கோத்திருக்கிறது, எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றே மாதங்கள் நழுவிப்போவது இந்த நோயில் பெரிய இழப்பு. அதைத் தவிர்க்கப் படத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று இங்கே படிப்படியாக எழுதுகிறேன். மருத்துவ மாணவர்களையும், கையில் அறிக்கையோடு காத்திருக்கும் நோயாளிகளையும் குடும்பத்தினரையும் மனத்தில் வைத்து எழுதியது இது.

படத்தைப் பார்க்கும் முன்: தொழில் வரலாறு

இந்த நோய்க்கு முதன்மைக் காரணம் ஆஸ்பெஸ்டாஸ் தூசி. 1960இல் வாக்னர், ஸ்லெக்ஸ், மார்சாண்ட் ஆகிய மூவரும் தென்னாப்பிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியில் பெரும்பாலும் நீல ஆஸ்பெஸ்டாஸ் சுரங்கப் பகுதியோடு தொடர்புடையவர்களாக இருந்த 33 நோயாளிகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் இந்தத் தொடர்பை உலகுக்குத் தெளிவாகக் காட்டியது. அவர்களில் சுரங்கத்தில் வேலை பார்க்காதவர்களும் இருந்தார்கள். அந்தப் பகுதியில் வாழ்ந்ததே போதுமானதாக இருந்தது.

தூசியைச் சுவாசித்ததற்கும் நோய் வெளிப்படுவதற்கும் இடையே பொதுவாக 20 முதல் 50 ஆண்டுகள் ஓடிவிடும். அதனால் "இப்போது என்ன வேலை?" என்று கேட்பதில் பயனில்லை. இருபது வயதில் எங்கே வேலை பார்த்தார், கப்பல் கட்டும் தளமா, கொதிகலன் குழாய்களுக்கு வெப்பக் காப்பு சுற்றினாரா, ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடு அறுத்தாரா, பிரேக் லைனிங் தேய்த்தாரா, பழைய கட்டடம் இடித்தாரா என்று கேட்க வேண்டும். வேலைக்குப் போனவரின் தூசி படிந்த உடையை வீட்டில் துவைத்தவருக்கும் இந்த நோய் வந்திருக்கிறது. புகைபிடித்தல் மீசோதீலியோமாவுக்குக் காரணமல்ல. ஆஸ்பெஸ்டாஸோடு சேர்ந்தால் அது நுரையீரல் புற்றுநோய் வரும் வாய்ப்பைப் பல மடங்கு கூட்டுகிறது. அது வேறு நோய்.

இந்த வரலாறு எக்ஸ்ரே கேட்கும் சீட்டில் எழுதப்பட்டிருந்தால், படம் பார்க்கும் ரேடியாலஜிஸ்ட்டின் கண் வேறு மாதிரி வேலை செய்யும். "மூச்சுத்திணறல்" என்று மட்டும் எழுதி அனுப்பினால், படத்தின் ஓரத்தில் இருக்கும் மெல்லிய தடிப்பு கவனத்துக்கு வராமலே போகலாம்.

படி 1: படம் நம்பத் தகுந்ததா?

நின்றபடி, பின்புறமிருந்து முன்புறமாகக் கதிர் பாய எடுத்த படமே ஒப்பிடுவதற்கு ஏற்றது. படுத்த நிலையில் எடுத்தால் நீர் முதுகுப்பக்கமாகப் பரவி, அந்தப் பக்கம் முழுவதும் லேசான புகைமூட்டமாகத்தான் தெரியும். நீரின் விளிம்பு தெரியாது.

அப்புறம் உடல் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு காறை எலும்புகளின் உள்முனைகளும் முதுகெலும்பின் நடுமுள்ளிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும். உடல் சற்றே திரும்பியிருந்தாலும் ஒரு பக்கம் வெளுத்தும் மறுபக்கம் கறுத்தும் தெரியும். மூச்சுக்குழலும் நகர்ந்தது போலத் தோன்றும். இந்த நோயில் நாம் தேடுவதே இரு பக்கங்களுக்கும் உள்ள வேறுபாட்டைத்தான் என்பதால், இந்தச் சரிபார்ப்பைத் தவிர்த்துவிட்டு மேலே போகக் கூடாது. மூச்சை நன்றாக இழுத்தாரா என்பதற்கு, உதரவிதானத்துக்கு மேலே முன்பக்க விலா எலும்புகள் ஆறு தெரிகின்றனவா என்று எண்ணலாம். முதுகெலும்பு வளைந்திருப்பவர்களின் படத்தில் விலா இடைவெளி, நடுமார்பின் (இதயமும் மூச்சுக்குழலும் இருக்கும் மார்பின் நடுப்பகுதி) இடம் இரண்டையுமே எச்சரிக்கையோடு பார்க்க வேண்டும்.

பழைய படம் கிடைத்தால் அதைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து வருடத்துக்கு முன்பு எடுத்த ஒரு சாதாரணப் படம், இன்று தெரியும் தடிப்பு புதியதா பழைய வடுவா என்ற கேள்விக்கு ஒரே நிமிடத்தில் பதில் சொல்லிவிடும்.

படி 2: நீர் இருக்கிறதா, எந்தப் பக்கம்?

மீசோதீலியோமாவில் எக்ஸ்ரேயில் மிக அதிகமாகக் காணப்படுவது ஒரு பக்கம் மட்டும் உறையின் இரு அடுக்குகளுக்கு நடுவே நீர் கோத்திருப்பது. அறிக்கையில் ப்ளூரல் எஃப்யூஷன் என்று எழுதியிருப்பார்கள். இடதைவிட வலப்பக்கத்தில் சற்று அதிகம்.

பார்க்க வேண்டிய முதல் இடம் விலா எலும்பும் உதரவிதானமும் சேரும் கீழ் மூலை. அது கூர்மையாக, கறுப்பாக இருக்க வேண்டும். நேர்ப் படத்தில் அந்த மூலை மழுங்குவதற்கே சுமார் 200 மி.லி. நீர் தேவை. பக்கவாட்டுப் படத்தில் பின்மூலையைப் பார்த்தால் 50 மி.லி. அளவிலேயே தெரிந்துவிடும். நீர் கூடக் கூட, அதன் மேல்விளிம்பு மார்புச் சுவரை ஒட்டி உயர்ந்து உள்நோக்கி வளைந்த கோடாகத் தெரியும்.

இருபக்கமும் சமமாக நீர் இருந்து, இதயமும் பெரிதாக இருந்தால் முதலில் இதயச் செயலிழப்பைத்தான் நினைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும், காய்ச்சல் இல்லாமல், நடுத்தர வயதைத் தாண்டியவருக்கு, எடுத்த பிறகும் திரும்பத் திரும்ப நீர் சேர்கிறது என்றால் அதை அப்படியே விடக் கூடாது. நீர் என்பது இங்கே திரையும்கூட; அதற்குப் பின்னால் இருக்கும் கட்டியை அது மறைத்துவிடும். அதனால் நீர் எடுத்த பிறகு இன்னொரு படம் எடுப்பது அவசியம்.

படி 3: உறையின் விளிம்பு

ஆரோக்கியமான நுரையீரல் உறை மிக மெல்லியது. நுரையீரல் மடல்களுக்கு நடுவே உள்ள பிளவில் மயிரிழை போன்ற கோடாகத் தெரிவதைத் தவிர, எக்ஸ்ரேயில் அதைப் பார்க்கவே முடியாது. ஆகவே மார்புச் சுவரின் உள்விளிம்பை ஒட்டி ஒரு வெண்பட்டை தெரிந்தாலே அது விளக்கம் தேடவேண்டிய விஷயம்.

விளிம்பை ஒரே ஓட்டத்தில் சுற்றி வாருங்கள். நுரையீரலின் உச்சியில் தொடங்கி, பக்கச் சுவர் வழியாக இறங்கி, கீழ் மூலையைத் தொட்டு, உதரவிதானத்தின் மேல் நகர்ந்து, இதயத்தின் ஓரமாக மறுபடி மேலே போய் உச்சியில் முடிக்க வேண்டும். அப்படிப் போகும்போது மூன்று கேள்விகள்.

விளிம்பு வழுவழுப்பாக இருக்கிறதா, மேடும் பள்ளமுமாக இருக்கிறதா? பழைய தொற்றின் வடு பொதுவாகச் சீராக இருக்கும். மீசோதீலியோமாவின் தடிப்பு நுரையீரல் பக்கமாகப் புடைத்துப் புடைத்து, அலை அலையான ஓரத்தோடு வரும். நீரின் ஓரத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் பிடிபடும்: நீரின் ஓரம் ஒரே வளைவாக ஓடும், கட்டியின் ஓரம் நடுவில் முறிந்து முறிந்து போகும். சந்தேகம் வந்தால் நோயாளியைப் பக்கவாட்டில் படுக்கவைத்து ஒரு படம் எடுப்பார்கள், அல்லது அல்ட்ராசவுண்ட் பார்ப்பார்கள். தடையில்லாமல் இருக்கும் நீர் சாய்ந்த பக்கம் ஓடும். அசையவில்லை என்றால் அது அறை அறையாகத் தேங்கிய நீர், அல்லது திடமான கட்டி.

நடுமார்புப் பக்கத்து உறையும் சேர்ந்திருக்கிறதா? ரத்தக் கசிவு, பழைய சீழ் போன்ற தீங்கற்ற காரணங்களால் வரும் தடிப்பு பெரும்பாலும் வெளிச்சுவரிலும் கீழேயும் நின்றுவிடும். இதயத்தின் ஓரமும் மூச்சுக்குழலின் பக்கமும் தடித்திருந்தால் புற்றுநோய்க்கான சந்தேகம் பல படி ஏறுகிறது. எக்ஸ்ரேயில் இந்தப் பகுதியைப் பார்ப்பது கடினம். இதயத்தின் ஓரக்கோடு வழக்கத்தைவிட மேடு பள்ளமாக இருப்பதுதான் சில நேரம் கிடைக்கும் ஒரே குறிப்பு.

பிளவுக்குள் புகுந்திருக்கிறதா? மடல்களுக்கு நடுவே உள்ள மயிரிழைக் கோடு தடித்து, முண்டு முண்டாக இருந்தால் நோய் நுரையீரலை ஒட்டிய உட்புற உறைக்கும் பரவியிருக்கலாம்.

நோய் முற்றும்போது இந்தத் தடிப்பு ஆரஞ்சுப் பழத்தின் தோல் போல நுரையீரல் முழுவதையும் சுற்றி மூடிவிடுகிறது. அப்போது படத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடும். கவனமெல்லாம் தேவைப்படுவது அதற்கு முந்தைய கட்டத்தில்தான்.

ஏமாற்றும் நிழல்களும் உண்டு. உடல் பருமனானவர்களுக்கு உறைக்கு வெளியே கொழுப்பு படிந்து வெண்பட்டையாகத் தெரியும். ஆனால் அது இருபக்கமும் ஒரே மாதிரி, சீரான ஓரத்தோடு இருக்கும், கீழ் மூலைகளை மழுக்காது. விலா எலும்புகளை ஒட்டிய தசை நிழல்களும் அப்படித்தான்.

படி 4: அந்தப் பக்கம் சுருங்கியிருக்கிறதா?

எனக்கு ஒரே ஒரு படியை மட்டும் சொல்லிக்கொடுக்க அனுமதி கிடைத்தால் இதைத்தான் எடுப்பேன். மற்ற நோய்களிலிருந்து மீசோதீலியோமாவைப் பிரித்துக் காட்டுவதில் எக்ஸ்ரேக்கு இருக்கும் வலிமை இங்கேதான் அதிகம்.

மார்பின் ஒரு பக்கத்தில் நிறைய நீர் சேர்ந்தால் என்ன ஆக வேண்டும்? அது இடத்தைப் பிடித்துக்கொண்டு இதயத்தையும் மூச்சுக்குழலையும் எதிர்ப்பக்கம் தள்ள வேண்டும். நுரையீரலுக்குள் போகும் மூச்சுக்குழாய் அடைபட்டு நுரையீரல் சுருங்கினால் அவை நோயுள்ள பக்கமே இழுபடும். மீசோதீலியோமாவில் கட்டி நுரையீரலை இறுக்கிப் பிடித்து விரியவிடாமல் செய்கிறது. நடுமார்பின் உறையும் விறைத்துப்போகிறது. அதனால் ஒரு பக்கம் பாதிக்கு மேல் வெளுத்திருந்தாலும் நடுமார்பு நகராமல் அப்படியே நிற்கும், அல்லது வெளுத்த பக்கமே சாய்ந்திருக்கும். இவ்வளவு நீர் இருந்தும் ஏன் தள்ளவில்லை என்ற கேள்வி படம் பார்ப்பவரின் மனத்தில் எழ வேண்டும். ஆங்கில நூல்களில் இதை உறைந்த அரைமார்பு என்ற பொருளில் ஃப்ரோஸன் ஹெமிதொராக்ஸ் என்பார்கள்.

நான்கு இடங்களில் அளந்து பார்க்கலாம்.

மூச்சுக்குழல்: நடுவில், அல்லது இயல்பாகவே மிகச் சற்று வலப்புறம் இருக்கும். அதற்கு மேல் சாய்ந்திருந்தால் எந்தப் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

இதயம்: பெரும்பகுதி இடப்பக்கம் இருக்க வேண்டும். வலது மார்பு வெளுத்து, இதயத்தின் இடது ஓரம் முதுகெலும்பை நோக்கி நெருங்கி வந்திருந்தால் வலப்பக்கம் இழுக்கப்படுகிறது என்று பொருள்.

உதரவிதானம்: வலது பக்கம் இடதைவிட ஒன்றரை, இரண்டு செ.மீ. உயரமாக இருப்பது இயல்பு. வித்தியாசம் அதற்கு மேல் போனாலோ, இடது பக்கம் வலதைவிட ஏறியிருந்தாலோ அந்தப் பக்கத்தில் சுருக்கம் இருக்கலாம். நீர் மூடியிருந்தால் இடப்பக்கம் இரைப்பையில் இருக்கும் காற்றுக் குமிழின் உயரத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம்.

விலா இடைவெளி: ஒரே எண்ணுள்ள விலா எலும்புகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை இரு பக்கமும் ஒப்பிடுங்கள். நோயுள்ள பக்கம் எலும்புகள் நெருங்கி, கீழ்நோக்கி அதிகம் சரிந்திருக்கும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். மூச்சுக்குழாயை அடைத்து வளரும் நுரையீரல் புற்றுநோயிலும் ஒரே நேரத்தில் சுருக்கமும் நீரும் சேர்ந்து, நடுமார்பு நகராமல் நிற்கலாம். இன்னொன்று, மிகப் பெரிய கட்டியோ மிக அதிகமான நீரோ இருக்கும் மீசோதீலியோமாவில் நடுமார்பு எதிர்ப்பக்கம் தள்ளப்படவும் செய்யும். அதனால் தள்ளப்பட்டிருந்தால் இந்த நோய் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

படி 5: ஆஸ்பெஸ்டாஸின் பழைய அடையாளங்கள்

ஆஸ்பெஸ்டாஸ் தூசி பட்டவர்களின் உறையில் பல ஆண்டுகள் கழித்து மேடான தழும்புத் திட்டுகள் உருவாகும். ப்ளூரல் பிளேக் என்பது இவைதான். காலப்போக்கில் இவற்றில் சுண்ணாம்பு படிந்து பளிச்சென்று வெண்மையாகும். ஆறாவது விலாவிலிருந்து ஒன்பதாவது விலா வரையிலான பக்கச் சுவரிலும் உதரவிதானத்தின் குவிந்த பகுதியிலும் இருபக்கமும் இருக்கும்; நுரையீரல் உச்சியையும் கீழ் மூலைகளையும் பெரும்பாலும் விட்டுவைக்கும்.

அறிக்கையில் இந்தச் சொல்லைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள். பிளேக் புற்றுநோயும் அல்ல, புற்றுநோயாக மாறுவதும் அல்ல. தூசி உடலுக்குள் போயிருக்கிறது என்பதற்கான சாட்சி, அவ்வளவுதான். மீசோதீலியோமா நோயாளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரிடம்தான் சுண்ணாம்பு படிந்த பிளேக் தெரிகிறது. ஆகவே பிளேக் இல்லை என்பதால் ஆஸ்பெஸ்டாஸ் பட்டிருக்காது என்று சொல்லிவிட முடியாது. ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் பிளேக்கும் இருந்தால் மட்டும் அந்தப் படத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தச் சேர்க்கை கவனிக்கத்தக்கது.

படி 6: மீதி இடங்கள்

விலா எலும்புகள் ஒவ்வொன்றின் ஓரத்தையும் பின்தொடர்ந்து, எங்கேனும் அரிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தெரிந்தால் கட்டி மார்புச் சுவருக்குள் ஊடுருவியிருக்கலாம். இதயத்தின் நிழல் பழைய படத்தைவிடத் திடீரென்று பெருத்திருந்தால் இதய உறையில் நீர் இருக்கலாம். மறு நுரையீரலில் முண்டுகள் இருக்கின்றனவா என்றும் ஒரு முறை பாருங்கள்.

நீர் எடுத்த பிறகு எடுக்கும் படம்

இதைப் பலர் நீரை வடிக்கும் குழாய் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே பயன்படுத்துகிறார்கள். அதில் இன்னும் நிறைய இருக்கிறது. நீர் போனதும் நுரையீரல் விரிந்து மார்புச் சுவரைத் தொட வேண்டும். தொடவில்லை என்றால், அந்த இடத்தில் காற்றின் கறுப்பு தெரியும். உறை தடித்து நுரையீரலைச் சிறைப்பிடித்திருக்கிறது என்பதற்கு அது அறிகுறி. படி 3இல் சொன்ன அலை விளிம்பும் பல நேரம் இந்தப் படத்தில்தான் முதன்முதலாக வெளியே வருகிறது.

இதே முகம் காட்டும் மற்ற நோய்கள்

முதலிடம் வேறொரு புற்றுநோய்க்கு. நுரையீரல், மார்பகம் போன்ற இடங்களிலிருந்து உறைக்குப் பரவும் அடினோகார்சினோமா (சுரப்புச் செல்களில் தோன்றும் புற்றுநோய்), மீசோதீலியோமாவைவிட அதிகமாகக் காணப்படுவது. எக்ஸ்ரேயில் இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கலாம். காசநோயில் உறையில் நீர் சேரும், பிறகு தடிப்பும் சுருக்கமும் வரும்; காய்ச்சல், எடை குறைவு, நீரின் பரிசோதனை ஆகியவை உதவும். பழைய சீழோ அடிபட்டு ரத்தம் கோத்ததோ தடித்த வடுவாகலாம். ஆஸ்பெஸ்டாஸே புற்றுநோயில்லாத நீரையும் பரவலான தடிப்பையும் உண்டாக்கும். இவை ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு என்பதால், எக்ஸ்ரேயோடு நிறுத்துவது யாருக்கும் நல்லதல்ல.

அடுத்து என்ன?

சிரை வழியே மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன். தடிப்பு தீங்கற்றதா, புற்றுநோயா என்று பிரிக்க 1990இல் வெளியான ஓர் ஆய்வின் நான்கு அளவுகோல்கள் இன்றும் புழக்கத்தில் உள்ளன: நுரையீரலைச் சுற்றிலும் தடிப்பு, முண்டு முண்டான தடிப்பு, மார்புச் சுவரை ஒட்டிய வெளியுறை 1 செ.மீ.க்கு மேல் தடித்திருப்பது, நடுமார்பு உறை சேர்ந்திருப்பது. அந்த ஆய்வில் புற்றுநோய் இல்லாதவர்களில் வரிசைப்படி 100, 94, 94, 88 சதவீதத்தினரிடம் இந்த அறிகுறிகள் தெரியவில்லை. அதே நேரத்தில் புற்றுநோய் இருந்தவர்களில் இந்த அறிகுறிகள் தெரிந்தது 41, 51, 36, 56 சதவீதத்தினரிடம் மட்டுமே. இருந்தால் மிகவும் சந்தேகிக்க வேண்டும். இல்லாததால் நிம்மதியாக இருந்துவிட முடியாது. இந்த அளவுகோல்கள்கூட மீசோதீலியோமாவையும் பரவிவந்த புற்றுநோயையும் பிரித்துக் காட்டாது.

பெயரை உறுதிசெய்வது திசுத் துண்டெடுத்துச் சோதிக்கும் பயாப்சிதான். நீரை மட்டும் எடுத்துச் செல்களைச் சோதிப்பதில் பலருக்கு விடை கிடைப்பதில்லை. குறிப்பாக மீசோதீலியோமாவின் சார்கோமாடாய்டு வகை, நீரில் செல்களை அதிகம் உதிர்ப்பதில்லை. மார்புக்குள் கேமரா செலுத்தி, கண்ணால் பார்த்துத் துண்டெடுக்கும் தொராகோஸ்கோபியில் பெரும்பாலானவர்களுக்குத் தெளிவான முடிவு வந்துவிடும். அந்தத் துண்டில் கால்ரெடினின், டபிள்யூ.டி.1 போன்ற புரதக் குறியீடுகளைச் சாயமேற்றிப் பார்த்து நோயியல் நிபுணர் பெயர் வைப்பார். "நீரில் புற்றுநோய்ச் செல் இல்லை" என்ற முடிவோடு, படத்தில் தடிப்பும் சுருக்கமும் இருந்தால், "பயாப்சி தேவைப்படுமா டாக்டர்?" என்று தயங்காமல் கேளுங்கள்.

எக்ஸ்ரே சுத்தமாக இருந்தால்?

தொடக்கக் கட்டத்தில் படம் முற்றிலும் இயல்பாக இருக்கலாம். ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்தவருக்கு ஒரு பக்க நெஞ்சுவலி விடாமல் இருந்தால், மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனால், காரணமில்லாமல் எடை குறைந்தால், "எக்ஸ்ரே நார்மல்" என்ற ஒரு வரியோடு விசாரணையை முடித்துவிடக் கூடாது, சி.டி. எடுப்பது பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். கதிர்வீச்சைப் பற்றிய கவலை பலருக்கு உண்டு. நேர் நிலையில் எடுக்கும் ஒரு மார்பு எக்ஸ்ரேயின் அளவு, இயற்கையிலிருந்து நாம் சில நாட்களில் பெறும் கதிர்வீச்சின் அளவே. சி.டி.யில் அதைவிடப் பல மடங்கு கூடுதல் என்றாலும், சந்தேகம் வலுவாக இருக்கும்போது அதைத் தள்ளிப்போடுவதால் வரும் ஆபத்துதான் பெரியது.

நோய் உறுதியான பிறகும் எக்ஸ்ரேக்கு வேலை இருக்கிறது. நீர் திரும்பச் சேர்கிறதா, வடிகுழாய் சரியாக இருக்கிறதா, உறையை ஒட்டவைக்கும் சிகிச்சைக்குப் பிறகு நுரையீரல் விரிந்திருக்கிறதா என்பதையெல்லாம் அது போதுமான அளவு காட்டும். கட்டி கூடியதா குறைந்ததா என்று அளக்க மட்டும் சி.டி.யே வேண்டும், மருந்து வேலை செய்கிறதா என்ற கேள்விக்கு இரண்டு எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டு வீட்டிலேயே விடை தேட வேண்டாம். படங்களை மடிக்காமல், தேதி எழுதி, வரிசையாக வையுங்கள். குறுந்தகட்டில் கொடுத்திருந்தால் அறிக்கையை மட்டுமல்லாமல் அந்தத் தகட்டையும் ஒவ்வொரு முறையும் எடுத்துப் போங்கள்.